மூடித் திறந்தால் வேலைசெய்யாத தொடுபலகை: கணினியைக் கடையில் கொடுக்க முன் நாமே செய்யக்கூடியவை

கடந்த மாரிகாலத்தில் ஒரு நாள் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு வீட்டில் இருந்தேன். ஊரின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அந்த அம்மா 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்திடம் கையளித்தவர். குரலைப் பதிவுசெய்ய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "எழுதுறதெண்டா எழுதுங்கோ பிள்ளை, ஆனா என்ர குரல் ஒருத்தரிட்டையும் போகக்கூடாது" என்றார். அதனால் அவர் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு அவரால் தொடர முடியவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனார். பற்றறியும் குறைந்துகொண்டிருந்தது. கணினியின் மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு நானும் எழும்பினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திறந்தபோது திரை வந்தது, எழுதியது அப்படியே தெரிந்தது. ஆனால் சுட்டி அசையவில்லை. விரலால் எவ்வளவு தேய்த்தும் திரையின் நடுவில் அப்படியே நின்றது.

அதுவரை எழுதியதில் பாதிக்கு மேல் சேமிக்கப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "எழுதினது போட்டுதோ பிள்ளை? இன்னொருக்கா என்னால சொல்லேலாது" என்றார்.

கைகள் உடனே போனது பவர் பொத்தானுக்குத்தான். அதை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் அந்த இரண்டு மணித்தியாலம் போயிருக்கும். நல்லகாலத்துக்கு அழுத்தவில்லை. அன்று தப்பியது எப்படி, பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் என்ன நடந்தது, அதற்குப் பின்னர் நான் படித்தும் செய்தும் அறிந்தவை என்ன என்பதே இந்தக் கட்டுரை. தொழில்நுட்ப வல்லுநராக இதை எழுதவில்லை. வெளியில் போகக்கூடாத விடயங்களைக் கணினியில் வைத்திருக்கும் ஒருவராக எழுதுகிறேன். எங்களில் பலர் அப்படித்தான் இருக்கிறோம். காணாமல் ஆக்கப்பட்டவரின் படங்கள், முறைப்பாட்டுக் கடிதங்கள், காணி உறுதியின் பிரதிகள், வெளிநாட்டு வழக்கறிஞருக்கு அனுப்பிய வாக்குமூலம் என்று எத்தனையோ வீட்டில் எத்தனையோ கணினியில் இருக்கின்றன.

கடைக்காரர் சொன்னது

இரண்டாம் தடவை இதே பிழை வந்தபோது கணினியைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த அண்ணா ஒரு நிமிடம் பார்த்தார். "இது விண்டோஸ் பிழை. புதுசா அடிக்கோணும். விட்டிட்டுப் போங்கோ, நாளைக்கு எடுக்கலாம்" என்றார். உள்ளே இருக்கும் கோப்புகள் என்னவாகும் என்று கேட்டேன். "தேவையானதை நாங்கள் எடுத்து வைச்சுத் தருவம்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது வழமையான வேலை. ஆனால் 'எடுத்து வைப்பது' என்றால் என் கோப்புகள் எல்லாம் அவருடைய கணினிக்கு ஒருமுறை போய் வரும். பெயர் சொல்லாமல் எனக்குக் கதை சொன்னவர்களின் பெயர்கள் அதற்குள் இருந்தன. கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அறிந்துகொண்டது, அந்தப் பிழைக்கு விண்டோஸ் புதிதாக அடிக்கத் தேவையே இருக்கவில்லை என்பதை.

என்ன நடக்கிறது?

டச்பாட் என்று நாங்கள் சொல்லும் தொடுபலகைக்குள் அசையும் பாகம் பெரிதாக ஒன்றும் இல்லை. மேற்பரப்பின் கீழே மெல்லிய மின்கம்பிகள் வலைபோல ஓடுகின்றன. மின்சாரம் கடத்தும் எங்கள் விரல் கிட்ட வரும்போது அந்த இடத்தில் மின்தேக்கம் மாறுகிறது. அதை ஒரு சிறிய சிப் அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்கிறது. 1994இல் அப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசைக் கணினிகளில் வந்த நாளிலிருந்து அடிப்படை இதுதான்.

அந்தச் சிப் கணினியோடு பேசும் வழி மட்டும் மாறியிருக்கிறது. பழைய கணினிகளில் பிஎஸ்/2 என்ற இணைப்பு. இப்போதைய பெரும்பாலான கணினிகளில் ஐ2சி என்ற இணைப்பு. கணினி தூங்கப் போகும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சிப்பையும் அது பேசும் வழியையும் அணைத்துவிடுகிறது, அல்லது மிகக் குறைந்த மின்சாரத்தில் வைக்கிறது. எழும்பும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் பேசும் வழி எழும்ப வேண்டும், பிறகு சிப் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும். சிப் பதில் சொல்லப் பிந்தினால், அல்லது அதனோடு பேசும் டிரைவர் மென்பொருள் அவசரப்பட்டால், 'தொடுபலகை இல்லை' என்று கணினி முடிவெடுத்துவிடும்.

ஆகவே மூடித் திறந்ததும் வேலைசெய்யாமல் போய், கணினியை மீளத் தொடக்கியதும் சரிவருகிறது என்றால், தொடுபலகை பழுதாகவில்லை. அது எழும்பியதைக் கணினி கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பழுதான பொருள் மீளத் தொடக்கினாலும் பழுதாகத்தான் இருக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதல் வேலை: சேமிப்பது

சுட்டி நின்றுவிட்டால் கணினி உறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். விசைப்பலகையில் கப்ஸ் லொக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு மாறினால், அல்லது எழுத்துகள் விழுந்தால், கணினி உயிரோடு இருக்கிறது.

எழுதிக்கொண்டிருந்த கோப்பு திரையில் முன்னுக்கு இல்லாவிட்டால் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டப் விசையைத் தட்டுங்கள். திறந்திருக்கும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மாறும். கோப்பு வந்ததும் கன்ட்ரோல் விசையோடு எஸ். பெயர் கேட்டால் ஒரு பெயரைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். அன்று அந்த வீட்டில் என்னைக் காப்பாற்றியது இந்த இரண்டு விசைகள்தான்.

அதற்குப் பிறகு எதைச் செய்து பார்த்தாலும் பரவாயில்லை. அதற்கு முன் பவர் பொத்தானைத் தொடாதீர்கள்.

உடனே செய்து பார்க்கக்கூடியவை

கீழே உள்ளவற்றை இலகுவானதிலிருந்து தொடங்கி ஒழுங்காக எழுதியிருக்கிறேன். ஒன்று சரிவந்தால் மற்றதுக்குப் போகத் தேவையில்லை.

1. மூடியைத் திரும்பச் சாத்தி, இருபது விநாடி பொறுத்துத் திறவுங்கள். ஒருமுறை பிந்திப் பதில் சொன்ன சிப் அடுத்தமுறை நேரத்துக்குச் சொல்லிவிடலாம். எனக்குப் பல தடவை இதிலேயே சரிவந்திருக்கிறது.

2. தொடுபலகையை நிறுத்தும் விசை உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள விசைகளில் ஒன்றில் சின்னச் சதுரமும் அதற்குக் குறுக்கே கோடும் வரையப்பட்டிருக்கும். மூடியைத் திறக்கும் அவசரத்தில் அதில் கைபட்டிருக்கலாம். எஃப்என் என்று எழுதியுள்ள விசையைப் பிடித்துக்கொண்டு அதை ஒருமுறை அழுத்துங்கள். சில பழைய கணினிகளில் தொடுபலகையின் இடது மேல் மூலையில் சிறு புள்ளியோ விளக்கோ இருக்கும். அதில் இரண்டு முறை தட்டினால் நிற்கும், திரும்பத் தட்டினால் வேலைசெய்யும்.

3. யுஎஸ்பி துவாரங்களைப் பாருங்கள். வயர் இல்லாத மவுஸின் சின்னத் துண்டு அதிலேயே இருக்கும், மவுஸ் எங்கேயோ பைக்குள் கிடக்கும். மவுஸ் பொருத்தியிருந்தால் தொடுபலகையை நிறுத்து என்று விண்டோஸில் ஒரு தெரிவு உண்டு. அது செயலில் இருந்தால் அந்தத் துண்டு போதும் தொடுபலகையை நிறுத்த. கழற்றிவிட்டுப் பாருங்கள்.

4. விண்டோஸ் விசையோடு ஐ அழுத்தினால் செற்றிங்ஸ் திறக்கும். தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் டச்பாட் என்று தட்டச்சு செய்து, கீழ் அம்புக்குறியால் இறங்கி என்டர் கொடுங்கள். டப் விசையால் நகர்ந்து, நிற்பாட்டி இருக்கும் ஆளியை ஸ்பேஸ் விசையால் மாற்றலாம். அது ஏற்கெனவே செயலில் இருந்தாலும் ஒருமுறை நிறுத்தி, திரும்பச் செயற்படுத்துங்கள். மூன்றாவதில் சொன்ன தெரிவும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது.

5. இதுவும் சரிவராவிட்டால், விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் எம் அழுத்தினால் டிவைஸ் மனேஜர் திறக்கும். அம்புக்குறிகள் அசையாவிட்டால் ஒருமுறை டப் அழுத்துங்கள். 'ஹியூமன் இன்டர்பேஸ் டிவைசஸ்' என்ற வரிக்குப் போய் வலது அம்புக்குறியால் விரியுங்கள். அதற்குள் 'எச்ஐடி கொம்பிளையன்ட் டச்பாட்' என்று ஒன்று இருக்கும். பழைய கணினிகளில் 'மைஸ் அன்ட் அதர் பொயின்ரிங் டிவைசஸ்' என்பதன் கீழே சினாப்டிக்ஸ், எலான் போன்ற பெயர்களில் இருக்கும். அதில் நின்றுகொண்டு ஷிப்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் வலதுபக்கக் கிளிக் பட்டியல் வரும். 'டிசேபிள்' என்பதைத் தெரிந்து உறுதிசெய்யுங்கள். சில விநாடி பொறுத்து அதே வழியில் 'எனேபிள்' கொடுங்கள். முழுக் கணினியையும் மீளத் தொடக்காமல் தொடுபலகையை மட்டும் மீளத் தொடக்கும் வழி இது. திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

இதில் ஒரு எச்சரிக்கை. 'ஐ2சி எச்ஐடி டிவைஸ்' என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம். தொடுதிரையோ, சில கணினிகளில் விசைப்பலகையோகூட அந்தப் பெயரில் இருக்கும். விசைப்பலகையை நிறுத்திவிட்டால் திரும்பச் செயற்படுத்த வழி இருக்காது. பெயரில் டச்பாட் என்று தெளிவாக இருப்பதை மட்டும் தொடுங்கள்.

6. கடைசியாக, மீளத் தொடக்குதல். விண்டோஸ் விசையோடு எக்ஸ், பிறகு யு, பிறகு ஆர்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்த கணினியில் விண்டோஸ் அந்நாட்டு மொழியில் இருந்தால், மேலே சொன்ன எம், யு, ஆர் எழுத்துகள் பொருந்தா. விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி வரும் பட்டியலில் அம்புக்குறியால் இறங்கிப் போகலாம். விசைகளின் இடமும் மாறியிருக்கும். பிரெஞ்சு விசைப்பலகையில் எம் எழுத்து எல் எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

'சட்டவுன்' வேறு, 'ரீஸ்டார்ட்' வேறு

"நான் நிப்பாட்டிப் போட்டும் பார்த்தனான், சரிவரேல்லை" என்று பலர் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு. கணினியை நிறுத்தும்போது விண்டோஸின் அடிப்படைப் பகுதியும் டிரைவர்களும் இருக்கும் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்தமுறை அதையே எடுத்து விரைவாகத் தொடங்கும். பிழையோடு நின்ற டிரைவர் பிழையோடு திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே நிறுத்திப் போடுவதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பதே இங்கே உதவும்.

திரும்பத் திரும்ப வராமல் இருக்க

ஒருமுறை வந்தது ஒன்றும் பெரிய விடயமில்லை. ஒவ்வொரு முறையும் வந்தால் கீழே உள்ளவற்றைச் செய்யலாம். இவற்றுக்கு ஒரு விலை குறைந்த வயர் மவுஸை வாங்கிப் பொருத்திக்கொண்டால் வேலை இலகு. பையில் எப்போதும் ஒன்று கிடக்கட்டும்.

டிவைஸ் மனேஜரில் தொடுபலகையின் 'புரொப்பர்டீஸ்' திறந்தால் 'பவர் மனேஜ்மென்ட்' என்ற பக்கம் இருக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தப் பொருளை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி கொடுக்கும் தெரிவு அதில் இருக்கும். அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். புதிய கணினிகள் பலவற்றில் இந்தப் பக்கமே தெரியாது. அவை தூங்கும் முறை கைபேசியைப் போன்றது, முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருப்பது.

பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த, கொன்ட்ரோல் பனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்' போய், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும் பக்கத்தைத் திறவுங்கள். மாற்ற முடியாதபடி மங்கலாக இருப்பவற்றை மாற்ற மேலே ஒரு வரி இருக்கும். அதைக் கிளிக் செய்தபின் பாஸ்ட் ஸ்டார்ட்அப் அடையாளத்தை எடுக்கலாம்.

டிரைவர் மென்பொருளைக் கணினியைச் செய்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலிருந்தே எடுங்கள். கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கம் அங்கே தேவைப்படும். தொடுபலகையின் டிரைவரை மட்டும் எடுத்தால் போதாது. அது பேசும் வழிக்கும் தனி டிரைவர் உண்டு. இன்டெல் கணினிகளில் அதற்கு 'சீரியல் ஐஓ' என்று பெயர். முதலில் அதைப் போட்டு, பிறகு தொடுபலகையுடையதைப் போடுங்கள். 'உங்கள் டிரைவரைத் திருத்தித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் வேறு மென்பொருள்களைப் போட வேண்டாம். விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகுதான் பிழை தொடங்கியது என்றால், டிவைஸ் மனேஜரில் 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பக்' என்பது செயலில் இருக்கிறதா பாருங்கள். பழைய டிரைவருக்குத் திரும்பிப் போகலாம்.

நிறுவனங்கள் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்கும் அப்டேட் வெளியிடுவதுண்டு. தூங்கி எழும்பும் பிழைகள் பல அதில் திருத்தப்படுகின்றன. ஆனால் பயோஸ் மாற்றும்போது இடையில் மின்சாரம் போனால் கணினி திரும்ப எழும்பாமலே போகலாம். பற்றறி நிரம்பியிருக்க, சார்ஜரும் பொருத்தியிருக்க, மழையும் இடியும் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

தூங்கவைக்காமல் 'ஹைபர்நேட்' செய்தல்

இவ்வளவும் செய்த பின்னரும் என் கணினியில் எப்போதாவது பிழை வந்தது. முற்றாக நின்றது ஒரு சின்ன மாற்றத்தால். மூடியைச் சாத்தினால் 'ஸ்லீப்' போகாமல் 'ஹைபர்நேட்' போகும்படி மாற்றினேன். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் பக்கத்தில், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறது.

ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்தவை எல்லாம் ராம் நினைவகத்தில் நிற்கும். அதற்கு மின்சாரம் தொடர்ந்து வேண்டும். ஹைபர்நேட்டில் அவை டிஸ்க்கில் எழுதப்பட்டு, கணினி முழுதாக அணைந்துவிடும். திரும்ப எழும்பச் சில விநாடி கூடுதலாக எடுக்கும். ஆனால் தொடுபலகைக்கு முழு அணைப்பிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதால், அரைத் தூக்கத்தில் வரும் குழப்பம் பெரும்பாலும் வராது.

எங்களுக்கு இதில் இன்னும் இரண்டு நன்மை உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பற்றறி பழசான கணினியை ஸ்லீப்பில் விட்டு, மின்சாரமும் வராவிட்டால், சேமிக்காத வேலை போய்விடும். ஹைபர்நேட்டில் பற்றறி முற்றாக இறங்கினாலும் வேலை டிஸ்க்கில் இருக்கும். மற்றது பாதுகாப்பு. டிஸ்க் முழுவதையும் பூட்டி மறைகுறியாக்கம் செய்திருப்பவர்களின் கணினி ஸ்லீப்பில் இருக்கும்போது அந்தப் பூட்டின் திறப்பு நினைவகத்தில் நிற்கிறது. அணைந்திருக்கும் கணினியில் அது நினைவகத்தில் நிற்பதில்லை. கணினியோடு சோதனைச் சாவடிகளைக் கடந்து பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மென்பொருள் அல்லாத காரணங்கள்

தொடுபலகை மேலே தள்ளிக்கொண்டு நின்றால், அழுத்தும்போது கிளிக் விழாவிட்டால், அல்லது கணினி மேசையில் சமமாக இருக்காமல் ஆடினால், உடனே கணினியை நிறுத்துங்கள். பல கணினிகளில் பற்றறி தொடுபலகைக்கு நேர் கீழே இருக்கிறது. பழைய லிதியம் பற்றறி வீங்கினால் தொடுபலகையை முட்டும். வீங்கிய பற்றறியை அமத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜ் போடவும் கூடாது. இதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

சார்ஜர் பொருத்தியிருக்கும்போது மட்டும் சுட்டி துள்ளுகிறது, கழற்றினால் நன்றாக இருக்கிறது என்றால் பிழை பிளக்கில் இருக்கலாம். விரலின் சின்ன மின்மாற்றத்தை அளக்கும் பொருளுக்கு, பூமி இணைப்பு இல்லாத மின்சாரம் குழப்பம் தரும். வெளிநாட்டு இரண்டு முள் பிளக்கை மாற்றியோடு சொருகிப் பாவிக்கும் வீடுகளில் இது சாதாரணம். மூன்று முள்ளும் சரியாகப் பொருந்தும் பிளக்கில் போட்டுப் பாருங்கள். ஈரக் கையும் வியர்வையும்கூட இதே குழப்பத்தைத் தரும்.

பிழை மென்பொருளிலா பொருளிலா என்று அறிய நல்ல வழி ஒன்று உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். நிறுவாமலே பாவித்துப் பார்க்கலாம், உங்கள் கோப்புகளைத் தொடாது. அதில் தொடுபலகை வேலைசெய்தால் பிழை விண்டோஸ் பக்கம். அதிலும் வேலைசெய்யாவிட்டால் உள்ளே வயர் கழன்றிருக்கலாம், அல்லது தொடுபலகையே பழுதாகியிருக்கலாம்.

கடையில் கொடுக்கத்தான் வேண்டும் என்றால்

எல்லோருக்கும் இதையெல்லாம் வீட்டில் செய்ய முடியாது. கடைக்குப் போவதில் பிழையும் இல்லை. போக முன் சிலவற்றைச் செய்யுங்கள்.

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். பிரதி எடுத்தேன் என்று நினைத்து வெறும் போல்டரைக் கொண்டு திரிந்தவர்களை எனக்குத் தெரியும். பிறகு, "ஃபோமட் அடிக்க வேண்டாம், அடிக்கத்தான் வேணுமெண்டா எனக்கு முதலில் சொல்லுங்கோ" என்று வாயால் சொல்வதோடு ரசீதிலும் எழுதுவியுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருந்து செய்வித்துக்கொண்டு வாருங்கள்.

இன்னும் நல்ல வழி, டிஸ்க் இல்லாமல் கொடுப்பது. பல மடிக்கணினிகளில் அடிமூடியைக் கழற்றினால் டிஸ்க்கைத் தனியாக எடுக்கலாம். தெரிந்த ஒருவரைக் கொண்டு அதை எடுப்பித்து வீட்டில் வைத்துவிட்டு, கணினியை மட்டும் கொடுங்கள். தொடுபலகையை மாற்றவோ வயரைப் பொருத்தவோ உங்கள் டிஸ்க் தேவையில்லை. வேலை முடிந்ததா என்று அவர்கள் பென்டிரைவ் லினக்ஸில் பார்த்துக்கொள்ளலாம். சில கணினிகளில் டிஸ்க் பலகையோடு ஒட்டியே வரும், அவற்றில் இது முடியாது. டிஸ்க் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், திரும்பப் பொருத்தியதும் மீட்புத் திறப்பு கேட்கலாம். 48 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை முதலே எழுதி வைத்திருங்கள்.

இரண்டாம் கைக் கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய கணினிக்கு அதன் நிறுவனம் இனிப் புதிய டிரைவர் வெளியிடும் என்று எதிர்பார்க்க முடியாது. தொடுபலகை எழும்பாத பிழையை விட, பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினியில் வாக்குமூலங்களை வைத்திருப்பது பெரிய பிரச்சினை. அப்படியான கணினியில் அவற்றை வைத்து இணையத்தில் இணைக்காமல் இருப்பது குறைந்தபட்சம் செய்யக்கூடியது.

அன்றைக்கு அந்த வீட்டில், கோப்பைச் சேமித்த பிறகு மூடியைத் திரும்பச் சாத்தித் திறந்தேன். சுட்டி அசைந்தது. எழுதியதை முதலிலிருந்து வாசித்துக் காட்டும்படி அம்மா கேட்டார். வாசித்தேன். ஓரிடத்தில் நிறுத்தி, மகன் போட்டிருந்த சேட்டின் நிறத்தை நான் பிழையாக எழுதியிருப்பதாகச் சொன்னார். திருத்தினேன். கன்ட்ரோல் விசையோடு எஸ்.

"இப்ப நிக்குதோ?" என்று கேட்டார்.

"நிக்குது அம்மா" என்றேன். இப்போது ஒவ்வொரு பந்தி முடிவிலும் அந்த இரண்டு விசைகளையும் அழுத்திவிட்டே அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்.